எண் சரி, தேதி எங்கே?

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கீழே ஒரே வரி: “அக்கா, பாத்துட்டு உடனே கூப்பிடுங்க.”

அடுப்பை அணைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டார்ச் பேனல், அதாவது குழந்தையைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளுக்கான டெஸ்ட்களின் தொகுப்பு. ரூபெல்லா, சி.எம்.வி., ஹெர்பிஸ் எல்லாம் வரிசையாக இருந்தன. டாக்ஸோ ஐ.ஜி.ஜி. 180, டாக்ஸோ ஐ.ஜி.எம். 1.4. கடைசி இரண்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. டாக்ஸோ என்பது டாக்ஸோபிளாஸ்மா, பூனை மலம், சரியாக வேகாத கறி வழியாகவெல்லாம் வரும் ஒரு ஒட்டுண்ணி. ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். இரண்டும் அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடிகள். அவளுக்கு அப்போது பதினோரு வாரம். முதல் கரு ஒன்றரை வருஷம் முன்னால் தங்காமல் போனதால் இந்த முறை ஆரம்பத்திலேயே எல்லா டெஸ்ட்டும் எழுதியிருந்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த யாரோ ஒருவர் “கிருமி ஏறியிருக்கு, குழந்தைக்கு மூளையில வரும், யோசிச்சு முடிவு பண்ணுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கூப்பிட்டேன். அழுது முடித்திருந்தாள். “180-ன்னு போட்டிருக்கு அக்கா, 8-க்குள்ளதான் இருக்கணுமாம்” என்றாள். வீட்டில் இருந்த வெள்ளைப் பூனையை அவள் மாமனார் அன்று காலையே சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே ரைஸ் மில் பக்கம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

நான் திருநெல்வேலிப் பக்கம் இருபத்திரண்டு வருஷமாக லேப் டெக்னீஷியன். அதில் பெரும்பகுதி செராலஜி செக்ஷன், ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் பிரிவு. அந்த 1.4 மாதிரி எத்தனையோ எண்களை நானே அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதனால் அவளிடம் முதலில் சொன்னது இதுதான்: “அந்த எண் சரியாவே இருக்கலாம். ஆனா அது எப்ப வந்ததுன்னு அந்தப் பேப்பர்ல இல்ல. அது தெரியாம யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.”

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை.

2011-இல் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இரண்டு மாதக் கர்ப்பம். டாக்ஸோ ஐ.ஜி.எம். 1.3. எங்கள் கிட்டில் 0.9-க்குக் கீழே நெகட்டிவ், 1.1-க்கு மேலே பாசிட்டிவ், நடுவில் இருப்பது சந்தேகம். 1.3 என்றால் பாசிட்டிவ். கண்ட்ரோல் (முடிவு முன்பே தெரிந்த மாதிரி) எல்லாம் சரியாக வந்திருந்தது. ரிப்போர்ட் போட்டேன், மறந்தும்விட்டேன். 2013-இல் அதே பெண் மறுபடி வந்தாள், மறுபடி கர்ப்பம். டாக்ஸோ ஐ.ஜி.எம். 1.2. ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு கவுன்ட்டரிலேயே நின்றாள். “போன தடவ இந்தப் பூச்சிக்காகத்தான் கலைச்சோம். இன்னுமா இருக்கு?” என்று கேட்டாள்.

பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. 1.3.

ஐ.ஜி.எம். என்றால் புதுத் தொற்று என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பல நோய்களுக்கு அது பெரும்பாலும் சரி. டாக்ஸோவுக்கு அது பொருந்தாது. தொற்று வந்த முதல் வாரத்திலேயே ஐ.ஜி.எம். தலைகாட்டிவிடும், அதற்குப் பின்னால் ஐ.ஜி.ஜி. வரும், ஒன்றிரண்டு மாதத்தில் உச்சத்துக்குப் போகும். ஐ.ஜி.ஜி. பிறகு ஆயுளுக்கும் இருக்கும். ஐ.ஜி.எம். சிலருக்குச் சில மாதத்தில் மறையும், சிலருக்கு வருஷக்கணக்கில் கிடக்கும். ஆகவே தென்காசிப் பெண்ணுக்கு 2011-இல் வந்தது புதுத் தொற்றாகவும் இருந்திருக்கலாம், அதற்கும் இரண்டு வருஷம் முன்னால் வந்த பழசாகவும் இருந்திருக்கலாம். எது என்று பார்க்க 2011-ஆம் வருஷத்துச் சீரம், அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீர், வேண்டும். அதை நான் ஒரு வாரத்திலேயே கொட்டியிருந்தேன்.

அந்த நாளுக்கு அப்புறம்தான் இந்த ஒட்டுண்ணியைப் பற்றி ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

டாக்ஸோபிளாஸ்மா கோண்டி. 1908-இல் டூனிஸ் நகரத்தில் சார்ல் நிக்கோலும் லூயி மான்சோவும் வட ஆப்பிரிக்காவின் கண்டி என்ற எலி போன்ற பிராணியில் கண்டுபிடித்தார்கள். அதே வருஷம் பிரேசிலில் ஸ்ப்ளெண்டோரே ஒரு முயலில் பார்த்தார். ‘டாக்ஸோன்’ என்றால் கிரேக்கத்தில் வில். கீம்சா சாயம் போட்ட ஸ்லைடில் அது வளைந்த பிறை மாதிரி இருக்கும், நீளம் ஒரு சிவப்பணுவின் குறுக்களவுதான். கல்லூரியில் எலி வயிற்று நீரில் எடுத்த ஸ்லைடு ஒன்று காட்டினார்கள். வேலைக்கு வந்த பிறகு நோயாளியின் மாதிரியில் நேரில் பார்த்ததே இல்லை. நிறைய பேருக்கு இது ஆச்சரியமாக இருக்கும்: இத்தனை டாக்ஸோ ரிப்போர்ட் கொடுக்கிறோம், கிருமியைப் பார்ப்பதே இல்லையா என்று. இல்லை. நாம் பார்ப்பது கிருமிக்கு உடம்பு கொடுத்த பதிலை. எலிக்கு ஊசி போட்டு வளர்த்துப் பார்க்கும் முறை உண்டு, ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரிய ஆராய்ச்சிக்கூடங்களோடு அது நின்றுவிட்டது.

டாக்ஸோ ஆன்டிபாடியைப் பார்க்கும் முறைகளுக்கெல்லாம் தாய் 1948-இல் ஆல்பர்ட் சாபினும் ஹாரி ஃபெல்ட்மேனும் கொண்டுவந்த டை டெஸ்ட். போலியோ சொட்டு மருந்தின் அதே சாபின்தான். உயிருள்ள ஒட்டுண்ணியோடு நோயாளியின் சீரத்தைக் கலந்து, மெத்திலீன் நீலம் ஊற்றுவார்கள். சீரத்தில் ஆன்டிபாடி இல்லையென்றால் ஒட்டுண்ணி நீலமாகும். இருந்தால் அது ஒட்டுண்ணியைக் குத்திக் கொன்றுவிடும், நீலம் ஏறாது. மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து எத்தனை நீலம், எத்தனை வெளிறல் என்று எண்ண வேண்டும். அருமையான டெஸ்ட், ஆனால் கிருமியை உயிரோடு வளர்க்கணும், கை தவறினால் டெக்னீஷியனுக்கே தொற்று வரும். நான் வேலை பார்த்த எந்த லேபிலும் இது கிடையாது. எங்களுக்கு நிறத்தை வைத்து ஆன்டிபாடியை அளக்கும் எலைசா, இப்போது ஒளியை வைத்து அளக்கும் கெமிலூமினசென்ஸ் மெஷின்.

மெஷின் வந்த பிறகு வேலை எளிதாகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கையால் எலைசா போட்ட காலத்தில் எங்கே தப்பு வரும் என்று கை அறிந்திருந்தது. சித்திரை மாதக் கரண்ட் கட்டில் இன்குபேட்டர் 37 டிகிரியிலிருந்து இறங்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிட்டை அறை வெப்பத்துக்கு வரவிடாமல் அவசரமாகப் பிரித்தால் பிளேட்டின் ஓரத்துக் குழிகள் ஒரு மாதிரி, நடுக்குழிகள் ஒரு மாதிரி வரும். எல்லாவற்றுக்கும் மேல் வாஷ். பிளேட்டைக் கழுவி, கவிழ்த்து, டிஷ்யூ பேப்பரில் தட்டணும். தட்டு சரியில்லை என்றால் குழியில் மிச்சம் நிற்கும் கான்ஜுகேட் (நிறம் வரவைக்கும் திரவம்) பொய்யாக நிறம் கொடுக்கும். ஒருமுறை ஒரே வரிசையில் எட்டில் ஆறு பேருக்கு டாக்ஸோ ஐ.ஜி.எம். பாசிட்டிவ் வந்தது. ஆறு பேரும் ஒரே நாளில் பூனை வளர்த்தார்களா என்ன? வாஷரின் ஒரு ஊசி அடைத்திருந்தது. கண்ட்ரோல் இருந்த வரிசை வேறு, அதனால் கண்ட்ரோல் பாஸ். அன்றிலிருந்து பார்டர் ரிசல்ட் எதுவாக இருந்தாலும் அதே சீரத்தை வேறு குழியில், இரட்டையாகப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. மெஷினிலும் அப்படித்தான். ரத்தம் சரியாக உறையாமல் சென்ட்ரிஃபியூஜில் போட்டால் சீரத்தில் நூல் நூலாக ஃபைப்ரின் நிற்கும். மெஷினின் ஊசி அதை உறிஞ்சினால் எண் எப்படி வேண்டுமானாலும் வரும். மெஷின் அதற்கும் மூன்று தசமம் போட்டு அழகாகக் கொடுக்கும்.

இன்னொன்று, ஐ.ஜி.எம். கிட்டிலேயே இரண்டு வகை. பழைய வகையில் பிளேட்டில் கிருமியின் ஆன்டிஜனை, அதாவது ஆன்டிபாடி வந்து பிடிக்கும் பொருளை, பூசியிருப்பார்கள். மூட்டுவாதக்காரர்களிடம் இருக்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் அங்கே பழைய ஐ.ஜி.ஜி.யின் முதுகில் ஏறி உட்கார்ந்து, ‘நான்தான் ஐ.ஜி.எம்.’ என்று பொய் சொல்லும். கேப்சர் வகையில் முதலில் ஐ.ஜி.எம்.மை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு அப்புறம்தான் ஆன்டிஜனைக் காட்டுவார்கள். அந்தப் பொய் அங்கே அவ்வளவு எடுபடாது. கிட் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கும் நிர்வாகத்துக்கு இதைப் புரியவைப்பது தனிக் கலை. 1997-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ.வே எச்சரிக்கை விட்டது: ஒரே ஒரு ஐ.ஜி.எம். கிட்டின் பாசிட்டிவை நம்பிக் கர்ப்பிணியின் சிகிச்சையை முடிவு செய்யாதீர்கள் என்று. அதே நாட்டில் பாலோ ஆல்டோவில் இருக்கும் ரெஃபரன்ஸ் லேபில் வெளி லேப்களின் ஐ.ஜி.எம். பாசிட்டிவ்களை மறுபடி சோதித்து, நிபுணர்கள் விளக்கத்தோடு டாக்டருக்குச் சொன்னபோது தேவையில்லாத கருக்கலைப்புகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தென்காசிப் பெண்ணின் முகம்.

சரி, சித்தி மகள் கதைக்கு வருகிறேன்.

மறுநாளே பஸ் ஏறி வரச் சொன்னேன். பழைய லேபில் மிச்சமிருந்த சீரத்தையும் கேட்டு வாங்கி ஐஸ் பாக்கெட் வைத்துக் கொண்டுவரச் சொன்னேன். கேட்டால் கொடுப்பார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம். அவளும் மாமியாரும் வந்தார்கள். புது ரத்தம் எடுத்தேன். எங்கள் லேபில் ஐ.ஜி.எம். கேப்சர் கிட்டில் 1.0 வந்தது, நடுச் சந்தேகம். ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ். அந்த 180 வேறு எண்ணாக வந்தது. இது இயல்பு. யூனிட் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு கம்பெனி கிட்டின் எண்ணை இன்னொரு கம்பெனி எண்ணோடு ஒப்பிடக் கூடாது. “போன மாசம் 180, இந்த மாசம் வேற லேப்ல 240, ஏறிடுச்சு” என்று பதறி வருகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது உண்டு. ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் பழைய சீரத்தையும் மூன்று வாரம் கழித்து எடுத்த புதுச் சீரத்தையும் ஒரே நாள், ஒரே கிட், பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் போட வேண்டும். அவள் பயந்த அந்த ‘8-க்குள்’ என்பது ஆரோக்கியத்தின் அளவும் அல்ல. எப்போதோ இந்த ஒட்டுண்ணியைச் சந்தித்தவர், சந்திக்காதவர் என்று பிரிக்கும் கோடு, அவ்வளவுதான். ஐ.ஜி.ஜி. இருப்பவருக்குப் பெரும்பாலும் அது பாதுகாப்பு. ரிப்போர்ட்டில் அதற்கு அம்புக்குறி போட்டுச் சிவப்பாக்கும் சாஃப்ட்வேரை யார் எழுதினார்களோ!

அப்புறம் அவிடிட்டி. கர்ப்பிணிகளுக்கு இந்த விஷயத்தில் இருக்கிற ஒரே நல்ல காலண்டர் இதுதான். தேர்தல் நேரத்தில் சுவரில் ஒட்டும் போஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்று ஒட்டியது ஒரு மழைக்கே உரிந்து விழும். ஆறு மாதம் வெயிலில் காய்ந்ததைக் கத்தியால் சுரண்டினாலும் வராது. ஐ.ஜி.ஜி.யும் அப்படித்தான். தொற்று புதிது என்றால் ஆன்டிஜனோடு அதன் பிடி தளர்வாக இருக்கும், மாதங்கள் போகப் போக இறுகும். ஒரே சீரத்தை இரண்டு குழிகளில் போட்டு, ஒன்றைச் சாதாரண வாஷிலும் இன்னொன்றை யூரியா கலந்த வாஷிலும் கழுவுகிறோம். தளர்ந்த பிடி யூரியாவில் கழன்று போய்விடும். மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பதுதான் டெஸ்ட். 1989-இல் பின்லாந்துக்காரர்கள் டாக்ஸோவுக்கு இதைக் கொண்டுவந்தார்கள்.

அவளுக்குச் சாதாரணக் குழியில் ஓ.டி. (நிறத்தின் அடர்த்தி) 1.50, யூரியா குழியில் 0.93. வகுத்தால் 62 சதவீதம். நாங்கள் வைத்திருந்த கிட்டில் 40-க்கு மேல் என்றால் இறுகிய பிடி, அதாவது தொற்று வந்து குறைந்தது நான்கு மாதம் ஆகிவிட்டது என்று கிட் தாளிலேயே போட்டிருந்தது. சீரத்தை நீர்க்கச் செய்யாமல் அப்படியே போட்டு இரண்டு குழியும் உச்சத்துக்கு ஏறி நின்றால் இந்த வகுத்தலுக்கு அர்த்தமே இல்லை. அதனால் 62-ஐ நம்பாமல் இன்னும் நீர்த்த சீரத்தில் ஒருமுறை போட்டேன், 60 வந்தது. பழைய லேபின் சீரத்திலும் அதே கதை.

இப்போது கணக்கு. பதினோரு வாரம் என்பது கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவது. கரு தரித்து ஒன்பது வாரம்தான். தொற்று வந்து குறைந்தது பதினாறு வாரம். அதாவது கரு தரிப்பதற்கு முன்னாலேயே, குறைந்தது ஏழு வாரம் முன்னால், அவளுக்கு இது வந்து போய்விட்டது. குழந்தைக்கு ஆபத்து என்பது பெரும்பாலும் கர்ப்பத்தின்போது முதன்முறையாகத் தொற்றும்போதுதான். கர்ப்பம் முற்ற முற்ற குழந்தைக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு கூடும், ஆனால் ஆரம்ப மாதங்களில் போனால்தான் பாதிப்பு பெரிது.

இதே 62 சதவீதம் இருபத்தெட்டாவது வாரத்தில் வந்திருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்ல முடியாது. நான்கு மாதத்துக்கு முன் என்றால் அப்போதே கர்ப்பமாக இருந்திருப்பாள். ஆகவே அவிடிட்டி கேட்பதானால் முதல் பதினாறு வாரத்துக்குள் கேட்க வேண்டும். அதற்கு மேல் போனால் அது பாதிக் காலண்டர்தான். இன்னொரு பக்கமும் உண்டு: பிடி இறுகியிருந்தால் பழசு என்று உறுதியாகச் சொல்லலாம். பிடி தளர்வாக இருந்தால் புதுசு என்று சொல்லிவிடக் கூடாது. சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் தளர்வாகவே கிடக்கும், மருந்து சாப்பிட்டால் இன்னும் தாமதமாகும். இதை ரிப்போர்ட்டில் எழுதாமல் வெறும் ‘லோ அவிடிட்டி’ என்று கொடுத்தால் அது இன்னொரு அம்புக்குறிதான்.

அவளுக்குப் பிடி தளர்வாக வந்திருந்தால் அடுத்து என்ன? பதினெட்டாவது வாரத்துக்குப் பிறகு, தொற்று வந்ததாக நினைக்கும் தேதியிலிருந்து குறைந்தது நான்கு வாரம் தாண்டி, பனிக்குட நீரை எடுத்து பி.சி.ஆர். பார்க்கலாம். ஒட்டுண்ணியின் மரபணுவில் இருநூறு முந்நூறு தடவை திரும்பத் திரும்ப வரும் 529 எழுத்துத் துண்டு ஒன்று இருக்கிறது. அதைக் குறிவைக்கும் கிட் கொஞ்சம் கிருமி இருந்தாலும் பிடித்துவிடும். பி1 என்ற மரபணுவைப் பார்க்கும் பழைய முறைக்கு முப்பத்தைந்து பிரதிதான். எந்தக் குறியைப் பார்க்கிறீர்கள் என்று லேபில் கேட்பதில் தப்பில்லை. நீரில் ரத்தம் கலந்தால் பி.சி.ஆர். மங்கும். ரத்தத்தில் பி.சி.ஆர். கேட்கிறவர்கள் இ.டி.டி.ஏ. ட்யூபில் அனுப்புங்கள், ஹெப்பாரின் ட்யூபில் அனுப்பினால் அதுவே பி.சி.ஆரைக் கெடுத்துவிடும். பத்து மணிக்கு பச்சை மூடி ட்யூபை நீட்டுகிற வார்டு பாய்களைத் திருப்பி அனுப்பி அனுப்பி எனக்குக் கெட்ட பெயர்.

பிரான்சில் இந்தத் தலைவலியை வேறு வழியில் தீர்த்திருக்கிறார்கள். கர்ப்ப ஆரம்பத்தில் டாக்ஸோ நெகட்டிவாக இருக்கும் பெண்ணுக்கு 1992-லிருந்து மாதாமாதம் டெஸ்ட். போன மாதம் நெகட்டிவ், இந்த மாதம் பாசிட்டிவ் என்றால் தேதி கையில் இருக்கிறது, யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. நம் ஊரில் செய்வது இதற்கு நேர் எதிர். ஒரே ஒரு தடவை, அதுவும் கரு கலைந்த பிறகு, டார்ச் பேனல் முழுக்க எழுதுகிறோம். டார்ச் என்பது 1970-களின் தொடக்கத்தில், பிறந்த குழந்தைக்கு வரும் தொற்றுகளை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு டாக்டர் போட்ட எழுத்துச் சேர்க்கை. திரும்பத் திரும்பக் கரு கலைவதற்குக் காரணம் தேடும் கருவி அல்ல அது. பழைய டாக்ஸோ தொற்று அடுத்தடுத்துக் கருவைக் கலைக்காது. டாக்டர்களிடம் இதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. கவுன்ட்டரில் கேட்கிறவர்களிடம் மட்டும் சொல்கிறேன்.

கர்ப்பத்தைத் தவிர்த்து மூன்று இடங்களில் டாக்ஸோ டெஸ்ட் கேட்டு வரும். அங்கே ஐ.ஜி.எம். கதை ஒவ்வொன்றிலும் வேறு.

முதலாவது, எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. சென்டரிலிருந்து வரும் நோயாளி. ஒருதடவை பயிற்சி டாக்டர் ஒருவர் போன் பண்ணி, “சி.டி.யில வளையம் வளையமா கட்டி தெரியுது, ஆனா நீங்க டாக்ஸோ நெகட்டிவ்னு கொடுத்திருக்கீங்க, அப்ப டி.பி.யா?” என்றார். நான் கொடுத்தது ஐ.ஜி.எம். நெகட்டிவ். ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று அதற்கு மேல் வரியிலேயே இருந்தது. இந்த நோயாளிகளுக்கு மூளையில் கிளம்புவது புதுத் தொற்று இல்லை. எப்போதோ வந்து மூளையில் சிறுசிறு பொதிகளாகத் தூங்கிக் கிடந்தது, சி.டி.4 என்ற எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை நூறுக்குக் கீழே போனதும் எழுந்துகொள்கிறது. அதற்கு ஐ.ஜி.எம். வராது. அங்கே பார்க்க வேண்டியது ஐ.ஜி.ஜி.யை. அதுவே இல்லையென்றால் டாக்ஸோவாக இருப்பதற்கான வாய்ப்பு ரொம்பக் குறைவு. இருந்தால் மருந்தைத் தொடங்கி, பத்துப் பதினான்கு நாளில் ஆள் தேறுகிறாரா, கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். அந்த ஸ்கேன்தான் பல நேரம் எங்கள் ரிப்போர்ட்டை விடப் பெரிய டெஸ்ட். முதுகுத் தண்டு நீரில் பி.சி.ஆர். பாசிட்டிவ் வந்தால் நம்பலாம், நெகட்டிவ் வந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. எடுப்பதாக இருந்தால் மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுக்கணும். ஒரு வாரம் மருந்து சாப்பிட்ட பிறகு அனுப்பினால் அங்கே என்ன மிஞ்சியிருக்கும்?

இரண்டாவது, கண். அங்கே வந்தால், டாக்டர் விழித்திரையைப் பார்த்தே முக்கால்வாசி சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் கண் முன்னறையிலிருந்து ஒன்றிரண்டு துளி நீர் எடுத்து அனுப்புவார்கள். அந்தத் துளியில் இருக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருப்பதை விட விகிதத்தில் கூடுதலா என்று கணக்குப் போட ஒரு முறை இருக்கிறது, கூடவே பி.சி.ஆர். இந்தப் பேச்சு வந்தாலே எனக்கு கோயம்புத்தூர் ஞாபகம் வரும். 2004-இல் அங்கே திடீரென்று கண்ணில் டாக்ஸோவோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கடைசியில் 248 பேர் என்று கண் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சந்தேகம் விழுந்தது நகராட்சிக் குடிநீர் மேல். அப்படி ஒரு கூட்டமாக, ஒரே பருவத்தில், ஐ.ஜி.எம். பாசிட்டிவோடு ஆட்கள் வந்தால் அந்த ஐ.ஜி.எம்.முக்கு எடை வேறு. அறிகுறியே இல்லாத ஒரு கர்ப்பிணியிடம் தனியாக நிற்கும் 1.4-க்கு எடை வேறு. இரண்டையும் ஒரே மெஷின் ஒரே எழுத்தில்தான் அடித்துக் கொடுக்கும்.

மூன்றாவது, பிறந்த குழந்தை. தாயின் ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், ஆகவே குழந்தையின் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் அது அம்மாவுடையதாக இருக்கலாம். மாதாமாதம் குறைந்துகொண்டே போய் ஒரு வயதுக்குள் மறைந்தால் குழந்தைக்குத் தொற்று இல்லை. ஐ.ஜி.எம்.மும் ஐ.ஜி.ஏ. என்ற இன்னொரு வகை ஆன்டிபாடியும் நஞ்சுக்கொடியைத் தாண்டாது, அதனால் குழந்தையிடம் அவை இருந்தால் அர்த்தம் உண்டு. ஆனால் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்க்காதீர்கள். பிரசவத்தில் அம்மா ரத்தம் ஒரு சொட்டு கலந்தாலே போதும். பத்து நாள் பொறுத்துக் குழந்தையின் கையிலோ குதிகாலிலோ எடுத்துப் பாருங்கள். சீமாங் சென்டர் (அரசுப் பிரசவ அவசர சிகிச்சை மையம்) நர்ஸ் அக்காக்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி இப்போது அவர்களே எனக்குத் திருப்பிச் சொல்கிறார்கள்.

சித்தி மகளின் ரிப்போர்ட்டில் அன்று கீழே நான் நான்கு வரி எழுதினேன், எங்கள் மைக்ரோபயாலஜி டாக்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மாமியாருக்குப் புரியும்படி வாயாலும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப பூனையால இல்லையா?” என்றார்.

“பூனையாலயும் இருக்கலாம் அத்தை. சரியா வேகாத கறியிலயும் இருக்கலாம், கழுவாத கீரையிலயும் இருக்கலாம், தோட்டத்து மண்ணுலயும் இருக்கலாம். எப்பவோ வந்து போயாச்சு” என்றேன். பூனைக்கு டெஸ்ட் எடுக்கலாமா என்று பின்னால் அவள் கணவன் போனில் கேட்டான். எடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பூனை தன் வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே ஒருமுறை, ஒன்றிரண்டு வாரம்தான் மலத்தில் முட்டையை வெளியே விடும். அந்த முட்டையும் வெளியே கிடந்து ஒரு நாளாவது ஆனால்தான் தொற்றும். தினமும் பூனையின் மல மண்ணை அவளைத் தவிர வேறு யாராவது அள்ளிப் போட்டால் போதும். அந்த வெள்ளைப் பூனை மட்டும் ரைஸ் மில்லிலிருந்து திரும்பி வரவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறது என்று கேள்வி, அங்கே எலிக்குக் குறைவா?

புது ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் அரை மில்லியை ஒரு சின்ன ட்யூபில் போட்டு மைனஸ் இருபது ஃப்ரீசரில் வைத்திருந்தேன். 2013-லிருந்து டாக்ஸோ கேட்டு வரும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் இப்படி வைக்கிறேன். பின்னால் ஏதாவது சந்தேகம் வந்தால் பக்கத்துக் குழியில் போட்டுப் பார்க்க. பேப்பர் ஸ்டிக்கர் ஃப்ரீசரில் உரிந்துவிடும், சாதாரண மார்க்கர் அழிந்துவிடும். ட்யூபின் மேலேயே ஆல்கஹாலுக்குக் கரையாத மார்க்கரில் எழுதி அதன்மேல் செல்லோடேப் ஒட்டணும். இதற்கென்று தனி டப்பா இருக்கிறது. நிர்வாகம் இரண்டு தடவை காலி பண்ணச் சொல்லியும் பண்ணவில்லை.

மாசியில் அவளுக்குப் பையன் பிறந்தான், மூன்று கிலோ. போட்டோ வந்த அடுத்த நாள் டப்பாவைத் திறந்து அவள் ட்யூபைத் தேடி எடுத்தேன். மேலே படிந்திருந்த உறைபனியைக் கட்டை விரலால் துடைத்தேன். பெயரின் முதலெழுத்து, வாரம், தேதி, மூன்றும் அழியாமல் இருந்தன. ஆட்டோகிளேவ் வாளியில் போட்டுவிட்டு, பதிவேட்டில் அந்த வரிக்கு நேரே டிக் அடித்தேன். டப்பாவில் இன்னும் பதினேழு ட்யூப் பாக்கி.